இமைக்காத கண்கள்: புதுச்சேரியில் ஒரு முகம் பிறந்த கதை

புதுச்சேரியில் நேரு வீதிப் பக்கம் போனால், பழைய கடைகளின் கல்லாவுக்கு மேலே கொஞ்சம் பார்வையை உயர்த்திப் பாருங்கள். மணக்குள விநாயகர் இருப்பார். லட்சுமி இருப்பாள். பல கடைகளில் அவர்களுக்குப் பக்கத்திலேயே, அதே பொட்டும் பூச்சரமுமாக, இன்னும் இரண்டு முகங்கள் இருக்கும். வெண்தாடியும் தோளில் விழும் நரைமுடியுமாக ஸ்ரீ அரவிந்தர் ஒன்று. ஸ்ரீ அன்னை மற்றொன்று. கடைக்காரர் காலையில் ஊதுபத்தி காட்டும்போது எல்லாப் படங்களுக்கும் சேர்த்துத்தான் காட்டுவார்.

விநாயகரை எதிரே உட்காரவைத்து யாரும் வரைந்ததில்லை. அந்த உருவம் ஆகமமும் சிற்பநூலும் தச்சர்களின் கைப்பழக்கமும் சேர்ந்து கொடுத்தது. அரவிந்தரின் படம் அப்படி வந்ததல்ல. ஒரு குறிப்பிட்ட மாதத்தில், ஒரு குறிப்பிட்ட அறையில், 77 வயது மனிதர் ஒருவரைப் பார்த்து ஒரு பிரெஞ்சுக்காரர் எடுத்தது. உயிரோடு இருந்த மனிதரின் முகம், அவரைப் பார்த்தறியாதவர்களின் வீட்டில் சாமிப் படமாக நிற்கிறது. அது எப்படி நிகழ்ந்தது என்பதைச் சொல்லப் போனால், ஒரு சிறைச்சாலையில் தொடங்கி, பாரீஸ் ஓவியக்கூடம் ஒன்றின் வழியாகத்தான் புதுச்சேரிக்கு வந்துசேர வேண்டும்.

1908 மே 2-ஆம் தேதி கல்கத்தாவில் அரவிந்த கோஷ் கைதானார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான சதி என்று தொடுக்கப்பட்ட ஆலிப்பூர் குண்டு வழக்கு. ஓராண்டு விசாரணைக் கைதியாக இருந்து, 1909 மே 6-இல் விடுதலையானார். அந்தச் சிறைவாசக் காலத்துப் படம் ஒன்று இன்றும் இருக்கிறது. நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, காவல்துறை எடுக்கும் முறையில். ஆள் தப்பி ஓடினால் கண்டுபிடிக்க உதவ வேண்டும். அந்தப் படத்துக்கு வேறு நோக்கம் எதுவும் கிடையாது. மூக்கின் வளைவும் தாடையின் அமைப்பும் தெரிந்தால் அதன் வேலை முடிந்தது.

அதே சிறையில் அதே ஆள் முகங்களை வேறு விதமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். வெளியே வந்தபின் 1909 மே 30-ஆம் தேதி உத்தரபாராவில் பேசியபோது அதை அவரே சொன்னார். சிறைச் சுவரிலும் முற்றத்து மரத்திலும் வாசுதேவனைக் கண்டதாக. பக்கத்திலிருந்த திருடர்கள், கொலைகாரர்கள் முகத்தில் நாராயணனைக் கண்டதாக. நீதிமன்றத்தில் நிமிர்ந்து பார்த்தபோது நீதிபதியிடத்திலும், தனக்கு எதிராக வாதாடிய வழக்கறிஞரிடத்திலும் அவனே அமர்ந்திருந்ததாக. அரசாங்கம் அவர் முகத்தில் ஒரு குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்த மாதங்களில், அவர் குற்றவாளிகள் முகத்தில் கடவுளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முகத்தைப் படமாக்குவது என்றால் அதில் எதைப் பிடிப்பது என்னும் கேள்வி இந்தக் கதைக்குள் அங்கேதான் நுழைகிறது.

1910 ஏப்ரல் 4-ஆம் தேதி 'துய்ப்ளே' கப்பலில் அவர் புதுச்சேரி வந்து இறங்கினார். பாரதியார் முன்பே இங்கே இருந்தார், வ.வே.சு. ஐயர் பின்னர் வந்துசேர்ந்தார். கொமுட்டித் தெருவில் சங்கர செட்டியார் வீட்டில் சில மாதம் தங்கல். பிறகு வீடு மாறி வீடு மாறி, 1913-இல் பிரான்சுவா மார்த்தேன் தெருவுக்கு வந்தார். பிரெஞ்சு எல்லைக்குள் கைவைக்க முடியாத பிரிட்டிஷ் போலீஸ் வேவுக்காரர்களை நிறுத்திக் கண்காணித்தது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்ற முகக்கணக்கு தினமும் எழுதப்பட்டது. அந்த நாட்களில் இந்த ஊரில் தன் முகத்தை வெளியே காட்டுவதே ஒரு முடிவு எடுத்துச் செய்யவேண்டிய காரியமாக இருந்தது.

அந்த வீட்டுக்கு 1914 மார்ச் 29-ஆம் தேதி பிற்பகலில் ஒரு பெண் வந்தார். வயது 36. பெயர் மிரா. பின்னாளில் ஸ்ரீ அன்னை ஆனவர். தேர்ச்சி பெற்ற ஓவியர்.

அன்னை ஓர் ஓவியர் என்பது புதுச்சேரிக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அவருடைய வாழ்க்கையின் ஓரத்தில் நடந்த ஒரு பொழுதுபோக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் முகங்களைப் பார்த்த விதம் ஓவியக்கூடத்தில் உருவானது. பின்னாளில் அரவிந்தரைச் சுற்றி உருவான ஆசிரமத்தில் முகம் என்பது என்னவாயிற்று என்பதை அந்தப் பயிற்சியை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

மிரா அல்ஃபாஸா 1878 பிப்ரவரி 21-இல் பாரீஸில் பிறந்தவர். தந்தை துருக்கியிலிருந்து வந்தவர், தாய் எகிப்திலிருந்து வந்தவர். யூதக் குடும்பம், ஆனால் வீட்டில் மதம் கிடையாது. கடவுளுக்கு உருவம் செய்யக்கூடாது என்பதைக் கட்டளையாகவே வைத்திருக்கும் மரபு அது. அந்த மரபில் வந்த பெண், பதின்ம வயதிலேயே உருவம் வரைவதைத் தொழிலாகக் கற்கப் போனார். அரசின் நுண்கலைப் பள்ளியான எக்கோல் தே போஸார் 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. வரையக் கற்க விரும்பிய பெண்களுக்குப் பாரீஸில் இருந்த நல்ல வழி அகதெமி ஜூலியான் என்ற தனியார் ஓவியக்கூடம். உலகம் முழுவதிலிருந்தும் பெண்கள் அங்கே வந்து படித்தார்கள். மிரா அங்கே சேர்ந்தார்.

அங்கே பயிற்சி கடுமையானது. முதலில் கரிக்கோல்தான், வண்ணம் பிறகு. ஒரு மாடலை நடுவில் உட்காரவைத்து, சுற்றி நின்று நாட்கணக்கில் வரைய வேண்டும். நெற்றி எங்கே திரும்புகிறது, கன்னத்து எலும்பில் வெளிச்சம் எங்கே உடைகிறது, கண்குழியின் நிழல் எங்கே முடிகிறது என்று கண்ணும் கையும் சேர்ந்து பழக வேண்டும். தெரியாத ஒருவரின் முகத்தை மணிக்கணக்கில், சொந்த விருப்பு வெறுப்பின்றி உற்றுப் பார்ப்பதற்கு இதைவிடப் பெரிய பயிற்சி இருக்கிறதா என்று தெரியவில்லை. அதிகம் பேசாத மிராவுக்குச் சகமாணவிகள் 'ஸ்ஃபிங்க்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்களாம். பின்னாளில் ஆசிரமக் குழந்தைகளிடம் பேசும்போது அவர் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

1897 அக்டோபரில் ஆன்ரி மொரிஸ்ஸே என்ற ஓவியரை மணந்தார். மொரிஸ்ஸே குஸ்தாவ் மொரோவின் மாணவர். அதே மொரோவிடம் படித்தவர்கள்தான் மத்தீஸும் ஜார்ஜ் ருவோவும். ருவோ பிற்காலத்தில் வாழ்நாளெல்லாம் கிறிஸ்துவின் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தவர். கோமாளி முகத்தை வரைந்தாலும் நீதிபதி முகத்தை வரைந்தாலும் அதில் அந்த வேதனை முகத்தின் சாயல் இருக்கும். இருபதாம் நூற்றாண்டில் முகச்சித்திரமும் இறையியலும் சந்தித்த மிக ஆழமான இடங்களில் ஒன்று ருவோவின் ஓவியம். மிரா புழங்கிய ஓவிய உலகம் அது.

மணமான அடுத்த ஆண்டு அளவில் மொரிஸ்ஸேக்கு பிரான்ஸின் தென்மேற்கே உள்ள போ நகரத்துத் தேவாலயத்தில் சுவரோவியம் தீட்டும் பணி கிடைத்தது. பொருள், புனித யாகப்பர் குதிரைமேல் வந்து இஸ்லாமியப் படையோடு போரிட்ட கதை. மிராவும் உடன் சென்று தீட்டினார். உயரமான ஏணியில் ஏற முடியாததால், கீழ்ப்பகுதியில் விழுந்து கிடக்கும் எதிரிப் படையினரைத் தான் வரைந்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எத்தனையோ தேவாலய ஓவியங்களில் புனிதரின் முகத்தைத்தான் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். யூதக் குடும்பத்தில் பிறந்த பெண் ஒரு கத்தோலிக்கக் கோயில் சுவரில் வெட்டுண்டு கிடந்த இஸ்லாமியர்களின் முகங்களுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார். மூன்று மதங்கள் ஒரு சுவரில் கூடியிருந்த இந்த நிகழ்ச்சியை அவருடைய வரலாற்றை எழுதுபவர்கள் ஓரிரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

1903, 1904, 1905 ஆகிய ஆண்டுகளில் பாரீஸின் தேசிய நுண்கலைச் சங்கக் கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. ஓவியராக ஒரு பெயர் எடுக்கத் தேவையான எல்லாம் கைகூடியிருந்த நேரம். ஆனால் மனம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆண்டுகளில் கனவிலும் தியானத்திலும் சில உருவங்கள் அவருக்குத் தோன்றின. அவற்றில் ஒன்றுக்கு, இந்தியாவைப் பற்றி அதிகம் தெரியாமலே, 'கிருஷ்ணன்' என்று பெயர் வைத்திருந்தார். மொரிஸ்ஸேயிடமிருந்து மணவிலக்கு 1908-இல். பால் ரிஷாரை மணந்தது 1911-இல். ரிஷார் முன்பே புதுச்சேரி வந்து அரவிந்தரைச் சந்தித்தவர்.

1914-இல் பிரான்சுவா மார்த்தேன் தெரு வீட்டின் மாடிப்படியில் ஏறிச் சென்று அரவிந்தரைப் பார்த்தபோது, கனவில் கண்ட முகம் இதுதான் என்று அறிந்துகொண்டதாக மிரா சொன்னார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இதைச் சொன்னவர் முகங்களை அளந்து பார்க்கப் பல ஆண்டு பயின்ற ஓவியர் என்பதை மறந்துவிடக் கூடாது. மாடலைப் பார்த்து வரைந்த கண், இங்கே வந்து, உள்ளே ஏற்கனவே இருந்த ஒரு சித்திரத்தோடு ஒத்துப்போகும் மனிதரைக் கண்டது. ஓவியக்கூடத்தில் முகம் முதலில் வரும், படம் பிறகு வரும். அவருக்கு இங்கே வரிசை மாறிப்போயிற்று.

முதல் உலகப்போர் காரணமாக 1915-இல் பிரான்ஸ் திரும்பி, 1916 முதல் 1920 வரை ஜப்பானில் இருந்தார். அங்கேயும் வரைந்தார், நிலக்காட்சிகளும் நண்பர்களின் முகங்களும். 1920 ஏப்ரல் 24-ஆம் தேதி புதுச்சேரிக்குத் திரும்பினார். அதன்பின் திரும்பிப் போகவே இல்லை.

இதற்கிடையில் அரவிந்தர் என்ன செய்துகொண்டிருந்தார்? 'ஆர்யா' மாத இதழைத் தனி ஆளாக எழுதி நிரப்பிக்கொண்டிருந்தார். வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கில நாடக விமர்சகர் இந்தியப் பண்பாட்டைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதியதற்குப் பதிலாக அதில் அவர் எழுதிய தொடரில் இந்தியக் கலை பற்றிய அத்தியாயங்கள் வருகின்றன. நம் சிற்பிக்கு உடற்கூறு தெரியாது என்பது அன்றைய மேனாட்டு விமர்சகர்களின் வழக்கமான குற்றச்சாட்டு. அரவிந்தரின் பதில் இதுதான்: ஐரோப்பியக் கலைஞன் வெளி உருவத்தில் தொடங்கி உள்ளே போகப் பார்க்கிறான், இந்தியக் கலைஞன் உள்ளே கண்டதில் தொடங்கி, அதற்கு ஏற்ற உருவத்தைத் தேடுகிறான். புத்தர் சிலையில் சதையும் தசையும் தேடுகிறவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. நம் ஊர் ஸ்தபதிகளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. சிலை முழுதும் முடிந்தபின் கடைசியாகக் கண் திறக்கிறார்களே, அதுவரை அது கல். அதற்குப் பிறகுதான் வழிபாட்டுக்குரியது.

இப்படி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1919-இல், அவரையே பார்த்து வரைய ஓர் ஓவியர் வந்தார். வங்காளத்தின் முகுல் டே. தாகூரோடு ஜப்பான் போனவர், அமெரிக்காவில் செதுக்கோவியம் கற்றவர், பின்னாளில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். நாட்டின் பெரிய மனிதர்களை நேரில் உட்காரவைத்துப் பென்சிலில் வரைவது அவர் மேற்கொண்டிருந்த பணி. புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரையும் வரைந்தார். அந்தக் காலத்தை ஒட்டிச் சில புகைப்படங்களும் எடுக்கப்பட்டன. கறுத்த தாடி, நீண்ட கருங்கூந்தல், நாற்காலியில் அமர்ந்த மெலிந்த உருவம். அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை.

1926 நவம்பர் 24-ஆம் தேதியை ஆசிரமம் சித்தி நாளாகக் கொண்டாடுகிறது. அன்றிலிருந்து அரவிந்தர் தனிமைக்குள் போனார். ஆசிரமப் பொறுப்பு முழுவதும் மிராவிடம், அதாவது அன்னையிடம் வந்தது. 1927-இல் இப்போதுள்ள ஆசிரமக் கட்டடத்தின் மாடி அறைக்கு மாறியவர், இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆண்டில் மூன்று நாள் மட்டும் தரிசனம். 1939 முதல் நான்கு நாள்: பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24. வரிசையில் வந்து, முன்னால் சில நொடி நின்று, பார்த்து, நகர்ந்துவிட வேண்டும். பேச்சு கிடையாது. புதுச்சேரி ஊர்க்காரர்கள், வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தச் சில நொடிதான். கேமரா இல்லை. பார்த்த முகத்தை மனத்தில்தான் எடுத்துப்போக வேண்டும்.

விதிவிலக்காக ஒருவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். 1928 மே 29-ஆம் தேதி கொழும்பு செல்லும் வழியில் புதுச்சேரியில் இறங்கிய தாகூர் அரவிந்தரைச் சந்தித்தார். திரும்பியதும் அந்த முகத்தின் ஒளியைப் பற்றி எழுதினார். தாகூரே அந்த ஆண்டுகளில்தான் ஓவியத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். 1930 மே மாதம் பாரீஸில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. அவர் வரைந்தவற்றில் முகங்கள் ஏராளம். தன் முகத்தையே பலமுறை வரைந்திருக்கிறார். புதுச்சேரிச் சந்திப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போட நான் துணியவில்லை. ஆனால் முகத்துக்குள் இருப்பவர் யார் என்று இந்தியாவின் பெரிய மனங்கள் கோட்டாலும் வண்ணத்தாலும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அரவிந்தரின் முகம் மறைந்திருந்த அதே ஆண்டுகளில், கீழே அன்னை மற்றவர்களின் முகங்களை வரைந்துகொண்டிருந்தார். பாரீஸ் நாட்களைப் போல எண்ணெய் வண்ணமும் பெரிய கித்தானும் வைத்து நாட்கணக்கில் தீட்ட அவருக்கு நேரமில்லை. சமையற்கட்டு, கட்டடவேலை, தோட்டம், சாதகர்களின் நோய்நொடி எல்லாம் அவர் தலையில். கிடைத்த இடைவெளியில், சிறிய தாள்களில், பென்சிலாலும் கரிக்கோலாலும் முகங்கள். அரவிந்தருக்குக் கடைசிவரை பணிவிடை செய்த சம்பக்லாலின் முகம் அவற்றில் ஒன்று. தன் முகத்தையும் வரைந்திருக்கிறார். குஜராத்திலிருந்து இளைஞராக வந்த சம்பக்லால் தாமும் படம் வரைகிறவர். அன்னை கிறுக்கிய துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாமல் எடுத்துவைத்தவர். அந்தப் பத்திரப்படுத்தும் குணத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆசிரமத்தின் இறையியலில் சைத்திய புருஷன் என்று ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்குள்ளும் பிறவிதோறும் வளர்ந்து வரும் ஆன்ம வடிவம். மேலே தெரியும் குணம், கோபம், சாதி, ஊர், கெட்டிக்காரத்தனம் எதுவும் அது அல்ல. அதற்குத் தனி முகம் கிடையாது. ஆனால் முகத்தின் வழியே எட்டிப் பார்க்கும். ஓர் ஓவியருக்கு இந்தக் கொள்கை தலைகீழான சவாலை வைக்கிறது. அகதெமி ஜூலியானில் கற்றதை வைத்து எவரையும் அச்சு அசலாக வரைந்துவிடலாம். அந்த ஒற்றுமை சைத்திய புருஷனைக் காட்டுமா? காட்டாது என்றால் எந்தக் கோட்டை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும்? 1929-இல் சீடர்களோடு பேசும்போது, கலைப்பயிற்சியின் நடுவே இருப்பதும் யோகப்பயிற்சியின் நடுவே இருப்பதும் ஒன்றுதான், இரண்டிலும் மேலோட்டமான பார்வையைத் தாண்டி ஆழத்தில் இருப்பதை உணர்ந்து அதை வெளியே கொண்டுவர வேண்டும் என்ற கருத்தை அன்னை சொன்னார். எனக்குத் தோன்றுவது, அது ஒரு தத்துவ வாசகமாகப் பிறந்ததைவிட, வரைந்து வரைந்து கை கண்டதாகவே பிறந்திருக்க வேண்டும்.

முகம் பார்ப்பது அன்றைய ஆசிரமத்தில் எத்தனை பெரிய விஷயமாக இருந்தது என்பதற்கு 1930-களின் கடிதங்களே சாட்சி. காலையில் பிரணாமத்துக்கு அன்னையிடம் போய் வந்ததும், அன்றே மாடியிலிருக்கும் அரவிந்தருக்குச் சீடர்கள் சீட்டு எழுதுவார்கள். இன்று அன்னை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்மேல் என்ன கோபம் என்று கேட்டு. அரவிந்தர் சலிக்காமல் பதில் எழுதுவார். அன்னை சிரித்தார், நீ வைத்திருந்த எண்ணத்தை அவர் முகத்தில் ஏற்றிப் பார்த்தாய் என்ற பொருளில் எத்தனையோ பதில்கள். உருவப்படம் வரையும் யாருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். எதிரே இருப்பவர் முகத்தில் நாம் காண்பது அவரையா, நம்மையா? பாரீஸில் ஓவியர்கள் கேட்ட அந்தக் கேள்வி, புதுச்சேரியில் பக்தர்களின் தினசரிக் கடிதத்தில் வந்து நின்றது.

1938 நவம்பர் 24 விடியற்காலை அரவிந்தர் அறையில் தடுக்கி விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. அதன்பின் சில மருத்துவர்களும் பணியாளர்களும் மட்டும் அவரோடு பேசிப் பழகினார்கள். தாடி வெளுத்தது, உடல் முதிர்ந்தது. வெளியுலகின் கையிலிருந்த படங்களிலோ அவர் இன்னமும் கறுத்த தாடி மனிதர்தான்.

1950-க்கு வருவோம். ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன் அப்போது உலகறிந்த புகைப்படக்காரர். ஆனால் அவர் தொடங்கியது ஓவியராக. இருபது வயதை ஒட்டிய காலத்தில் பாரீஸில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் முறையாகப் பயின்றவர். 1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்தி கொல்லப்படுவதற்குச் சற்று முன்புவரை அவரைச் சந்தித்துக்கொண்டிருந்தவர் அவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். நோயுற்றுப் படுத்திருந்த ரமண மகரிஷியைப் படமெடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்த நேரத்தில் வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து அருணாசலத்தின் உச்சிக்குப் பின்னே போனதைக் கண்டதாகச் சொன்னவர்களில் இவரும் ஒருவர். அங்கிருந்து புதுச்சேரி நூறு கிலோமீட்டர் அளவுதான். பத்தே நாளில் ஏப்ரல் 24 தரிசனம்.

ஊர் அப்போதும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 நவம்பர் முதல் தேதிதான் ஆட்சி கைமாறியது. பிரெஞ்சு மொழி பேசும் அன்னையிடம் பிரெஞ்சுக்காரர் அனுமதி கேட்டார். கிடைத்தது. அன்னையைப் படமெடுத்தார். அரவிந்தரும் அன்னையும் அருகருகே அமர்ந்து தரிசனம் தரும் காட்சியைப் படமெடுத்தார். அரவிந்தரின் அறைக்குள்ளும் போனார். செயற்கை வெளிச்சம் பாய்ச்சுவது அவருக்குப் பிடிக்காது. அறையில் இருந்த ஒளியே போதும் என்பது அவர் முறை. தான் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடம் முழுவதும் அரவிந்தர் கண் இமைக்கவில்லை என்று குறித்துவைத்தார்.

தமயந்தியின் சுயம்வரக் கதை நமக்கெல்லாம் தெரியும். நளனைப் போலவே உருவெடுத்து நான்கு தேவர்கள் வந்து அமர, ஒரே முகம் ஐந்தாகத் தெரிகிறது. தேவர் கண் இமைக்காது, நளன் கண் இமைக்கும் என்பதை வைத்துத்தான் அவள் மனிதனை அடையாளம் கண்டாள். கார்த்தியே-பிரெஸோனுக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அவர் ஒரு செய்தியாளரின் துல்லியத்தோடு கண்டதை எழுதினார். ஆனால் படம் புதுச்சேரி வீடுகளுக்குள் வந்தபோது, இமையாத அந்தப் பார்வையை எப்படி வாசிப்பது என்று இந்த ஊர் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கருவறைக்கு முன் நின்று பழகிய கண்கள் அவை. பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே தரிசனம். சுவரில் இருந்த முகமும் பார்ப்பவரைப் பார்த்தது.

இதற்காக அது வெறும் பக்திப் படமாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாகக் கவனித்தால் அந்த முகத்தில் முதுமை அப்படியே இருக்கிறது. கண்ணுக்குக் கீழே தொய்வு இருக்கிறது. சாமிப் படம் வரையும் காலண்டர் ஓவியர் யாராக இருந்தாலும் அதை மழுங்கடித்திருப்பார். ஆலிப்பூர் போலீஸ்காரர் அதை மட்டும் எடுத்திருப்பார். முதுமை, இமையாத பார்வை இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பதுதான் இந்தப் படத்தின் பெருமை. எனவே, மனிதரின் படமா கடவுளின் படமா என்று கேட்டால், மனிதரின் படம் என்றுதான் நான் சொல்வேன். நாராயணனைத் திருடர் முகத்தில் பார்த்தவர் அதைக் குறைவாக எண்ணியிருக்க மாட்டார்.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1950 டிசம்பர் 5 அதிகாலை அரவிந்தர் மறைந்தார். 9-ஆம் தேதி ஆசிரம முற்றத்து மரத்தடியில் சமாதி. அந்தச் சமாதியின்மேல் உருவம் எதுவும் வைக்கப்படவில்லை; தினமும் பூக்கள் மட்டும். ஏப்ரலில் எடுத்த படங்கள் அவருடைய முதுமையின் முகமாக உலகெங்கும் சென்றன. அன்னை 1973 நவம்பர் 17-இல் மறைந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கக் கோயில் சுவரில் முகம் தீட்டிய ஓவியரின் சொந்த முகமும் இன்று நம் பூஜையறைகளில் இருக்கிறது.

கார்த்தியே-பிரெஸோன் 1970-களில் கேமராவை ஏறக்குறைய ஒதுக்கிவைத்துவிட்டுப் பென்சிலுக்குத் திரும்பினார். 2004-இல் இறக்கும்வரை வரைந்தார். முகங்கள், தன் முகம், உடல்கள். வரைவதையே மேலான காரியமாகக் கருதினார். அன்னையும் அவரும் பாரீஸ் ஓவியக்கூடத்தில் தொடங்கியவர்கள். முதுமையிலும் தாளும் பென்சிலுமாக முகத்தின் முன் உட்கார்ந்தவர்கள்.

ஒரு குறை மட்டும் மனதை அரிக்கிறது. தென்னிந்திய நவீன ஓவிய வரலாறு என்றால் சென்னை ஓவியப் பள்ளி, தேவிபிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் என்று எழுதிப் பழகிவிட்டோம். அது நியாயமான வரலாறுதான். ஆனால் அதே ஆண்டுகளில் புதுச்சேரியில், பாரீஸில் முறையாகப் பயின்ற ஒரு பெண் ஓவியர், ஒரு தெளிவான ஆன்மிகக் கொள்கையின் துணையோடு மனித முகத்தை வரைந்துகொண்டிருந்தார் என்பது அந்த வரலாற்றில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அவரை அன்னையாக வணங்குகிறவர்கள் ஓவியரை மறந்துவிட்டார்கள். ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், அது பக்தர்களின் விஷயம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டுமே தவறு.

அன்னையின் ஓவியங்களையும் கோட்டுச்சித்திரங்களையும் ஆசிரமம் 1992-இல் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கே நுண்கலை படிக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உருவப்படப் பயிற்சி செய்கிறார்கள். முகுல் டேயின் பென்சில் கோட்டையும், அன்னையின் கரிக்கோல் முகங்களையும், 1950 ஏப்ரல் படங்களையும் ஒரே மேசையில் வைத்து அவர்களுக்குக் காட்டுங்கள். இந்த ஊரில் பிறந்த முகங்கள் இவை; முதலில் பார்க்க வேண்டியவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள்.